நாப்கினும் தண்ணீரும்: நெய்வேலியிலிருந்து ஒரு மாதவிடாய் நல வரலாறு

தமிழ்நாட்டில் மாதவிடாய் நலம் கண்ட முன்னேற்றத்தைப் பதிவு செய்வோர் பெரும்பாலும் நாப்கினில் தொடங்கி நாப்கினிலேயே முடித்துவிடுகின்றனர். கொள்முதல் செய்யவும், பொட்டலமாக்கி வழங்கவும், பதிவேட்டில் கையொப்பம் வாங்கவும், ஆண்டறிக்கையில் இலக்கமாகக் காட்டவும் ஏற்ற பொருள் அது என்பதால் அரசின் கணக்குப் புத்தகத்தில் அது எளிதாக இடம் பிடித்தது. ஆனால் மாதத்தில் சில நாள்கள் உதிரப்போக்குடன் பள்ளிக்கும் வேலைக்கும் வீட்டுக்குமாக அலையும் பெண்ணுக்கு, துணி மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், கழுவத் தண்ணீரும், பயன்படுத்தியதைப் போட ஓர் இடமும், வலியைக் கூச்சமின்றிச் சொல்ல ஒரு சொல்லும் வேண்டும். இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் எது நிறைவேறியது, எது இன்னும் நிறைவேறவில்லை என்பது தெளிவாகும். கடலூர் மாவட்டத்து நெய்வேலி நகரியம் அவ்வாறு பார்ப்பதற்குத் தகுந்த இடம். திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஓர் ஊரும், அதை ஒட்டியே தம் போக்கில் வளர்ந்த கிராமங்களும், பெரும் எண்ணிக்கையிலான தொழிலாளரும் அங்கே அடுத்தடுத்து வாழ்கின்றனர்.

குழாய் வந்த ஊர்

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழாரின் நிலத்துக் கிணறுகளில் நீரோடு பழுப்பு நிறப் பொருள் வெளிப்பட்டதே நெய்வேலியின் தொடக்கம். அது பழுப்பு நிலக்கரி, அதாவது கருநிலக்கரியாக முற்றாத, ஈரப்பதம் மிகுந்த எரிபொருள் என்பது ஆய்வுகளால் உறுதியான பின், 1956-ஆம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு அமைந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் நீர்த்தேக்கம் ஒன்று இருப்பதால், அந்த அழுத்தத்தைத் தணிக்க இரவும் பகலும் நீர் இறைத்தாக வேண்டும். எடுக்கும் நிலக்கரியின் எடையைப் போலப் பல மடங்கு எடையுள்ள நீர் அங்கே வெளியேற்றப்படுகிறது. சுரங்கத்துக்குத் தடையாக இருந்த நீரே ஊருக்கு வளமாயிற்று.

தொழிலாளருக்கென எழுந்த நகரியம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அகன்ற சாலைகளும் மரநிழலும் பள்ளிகளும் பொது மருத்துவமனையும் கொண்டதாக வளர்ந்தது. குடியிருப்புகளுக்குக் குழாய் நீரும் கழிப்பறையும் கழிவுநீர்க் கால்வாயும் அமைந்தன. இந்த ஏற்பாட்டை மாதவிடாய் நலத் திட்டம் என்று எவரும் அழைத்ததில்லை. எனினும் தாழிட்ட அறைக்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு துணி மாற்றவும், இருட்டும்வரை காத்திராமல் கழிப்பறைக்குச் செல்லவும் முடிந்த பெண்களின் அன்றாடம், முந்திரித் தோப்பையும் ஏரிக்கரையையும் நம்பியிருந்த அண்டைக் கிராமத்துப் பெண்களின் அன்றாடத்திலிருந்து அந்த நாளிலேயே பிரிந்துவிட்டது. அந்த இடைவெளி எளிதில் மூடவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் தமிழ்நாட்டின் கிராமப்புற வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் மட்டுமே வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது. மாநில அரசின் விலையில்லா நாப்கின் திட்டம் அதே ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது என்பதைச் சேர்த்து நோக்கினால், பொருள் முன்னே வந்து அதைப் பயன்படுத்தும் இடம் பின்னே வந்த வரலாறு விளங்கும்.

விலக்கின் சொற்கள்

மாதவிடாயைச் சுற்றியுள்ள விலக்கு தமிழில் மிகப் பழையது. புறநானூற்றின் 299-ஆம் பாடலில் பொன்முடியார், களத்தில் அஞ்சி ஒடுங்கிய குதிரைகளுக்கு, முருகன் கோயிலின் முன் பாத்திரங்களைத் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிரை உவமையாக்குகிறார். விலக்கு அன்றே பிறர் எளிதில் அறியும் காட்சியாக இருந்ததற்கு அவ்வுவமையே சான்று. அதே வேளையில் தொல்காப்பியக் கற்பியல், பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரண்டு நாள் தலைவன் தலைவியை நீங்கியிருத்தல் ஆகாது என்று கூறுகிறது. இங்கே பூப்பு என்பது மலர்தலோடும் மகப்பேற்றோடும் இணைந்த சொல்லாக நிற்கிறது. ஒருபுறம் மலர்ச்சி, மறுபுறம் ஒதுக்கம் என்ற இரட்டை நிலை இவ்வளவு தொன்மையானது.

பேச்சு வழக்கில் இந்த இரட்டை நிலை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. சிறுமி முதன்முறை பூப்படைந்தால் வயசுக்கு வந்துவிட்டாள், பெரியவளாகிவிட்டாள் என்று ஊருக்கே சொல்லப்படுகிறது. தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டுகிறார். மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் படம் அச்சிட்ட பதாகையும் வருகின்றன. அடுத்த மாதம் முதல் அதே நிகழ்வு தூரம், விலக்கு, தீட்டு என்ற சொற்களுக்குள் மறைந்துகொள்கிறது. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகே அடுப்பங்கரையும் பூசையறையும் திறக்கின்றன. ஒருமுறை ஊரறியக் கொண்டாடப்படுவது அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பெயர் சொல்லப்படாமல் நடக்கிறது. தூரம் என்பது இச்சொற்களுள் மிகத் துல்லியமானது. உடலில் நிகழும் ஒன்றை அது இடத்தின் அளவையால், வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கால் குறிக்கிறது.

அந்தத் தூரம் வீட்டின் அமைப்பைச் சார்ந்தே நடைமுறையாகிறது. பின்கட்டும் கொல்லைப்புறமும் திண்ணையும் உள்ள கிராமத்து வீட்டில் ஒரு பெண்ணைத் தனியே உட்காரவைக்க இடம் உண்டு; கணவனும் மனைவியும் குழந்தைகளும் மட்டும் வாழும் இரண்டறைக் குடியிருப்பில், அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேறு பெண் இல்லாதபோது, விலக்கு முழு வடிவில் நிற்க இடமில்லை. தொழில் நகரியங்களில் விலக்கின் வடிவம் சுருங்குவதற்கு இந்த இடநெருக்கடியையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். எனினும் சமையலறையில் தளர்ந்த கட்டுப்பாடு பூசையறை வாசலில் தங்கிவிடுகிறது. அறையின் எண்ணிக்கை குறைந்ததால் மட்டும் தீட்டு என்ற எண்ணம் குறைந்துவிடுவதில்லை.

அந்த எண்ணத்தைச் சமயத்தின் உள்ளிருந்தே மறுத்தது மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடம். சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் அமைந்த அக்கோயிலில், பங்காரு அடிகளார் வகுத்த நெறிப்படி, பெண்கள் கருவறை வரை சென்று வழிபாடு செய்யலாம். மாதவிடாய் நாள்கள் அதற்குத் தடையல்ல. செவ்வாடை அணிந்து வரும் எளிய குடும்பத்துப் பெண்களிடம், எந்த அரசு அறிக்கையும் எட்டாத ஆழத்தில் இச்செய்தி சென்று சேர்ந்தது. தீட்டு இல்லை என்று பகுத்தறிவு இயக்கத்தார் மேடையில் சொன்னதை, தெய்வத்தின் முன்னிலையிலேயே நடத்திக் காட்டிய செயல் என்பதால் இவ்வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.

துணியின் காலம்

கடையில் வாங்கும் நாப்கின் பரவுவதற்கு முன், பழைய பருத்திப் புடவையும் வேட்டியுமே பெண்களின் துணை. பலமுறை துவைத்து மென்மையான பருத்தி நன்கு உறிஞ்சும். சோப்பிட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் அது பாதுகாப்பானதும்கூட. கேடு துணியில் இல்லை, அதை உலர்த்தும் இடத்தில் இருந்தது. பிறர் கண்ணில் படக்கூடாது என்பதால் துணி கட்டிலுக்கு அடியிலும், குளியலறை மூலையிலும், வேறு துணிக்குக் கீழே மறைத்தும் காயவைக்கப்பட்டது; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை விடாது பெய்யும் கடலூர்க் கரையோரத்தில், அவ்வாறு மறைத்த துணி முழுதும் உலர்வதற்குள் மீண்டும் தேவைப்பட்டது. ஈரத்துணி தந்த புண்ணும் அரிப்பும் மறைவின் விளைவுகள். தண்ணீரும் வெயிலும் வெளிப்படையாகக் கிடைத்த இடத்தில் அதே துணி தீங்கு செய்ததில்லை.

மேலைநாட்டில் 1896-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விற்பனைக்கான துவாலையைக் கொண்டுவந்தது. முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுப்போடப் பயன்பட்ட மரக்கூழ்ப் பஞ்சைச் செவிலியர் மாதவிடாய்க்கும் பயன்படுத்தியதன் தொடர்ச்சியாக 1920களின் தொடக்கத்தில் கோடெக்ஸ் சந்தைக்கு வந்தது. இந்தியத் தரநிலை நிறுவனம் 1969-இலேயே நாப்கினுக்கான 5405-ஆம் எண் தரநிலையை வெளியிட்டது. இருப்பினும் பல பத்தாண்டுகள் அது மருந்துக்கடையில் செய்தித்தாளில் சுற்றி, கருப்புப் பையில் போட்டுத் தரப்படும் நகர்ப்புறப் பொருளாகவே இருந்தது. விலையும் மறைவும் சேர்ந்து கிராமத்துப் பெண்ணை அதிலிருந்து விலக்கின.

அந்த விலையை உடைத்த முயற்சி கோயம்புத்தூரில் தொடங்கியது. பட்டறைத் தொழிலாளியான அருணாச்சலம் முருகானந்தம், 1998-இல் தம் மனைவி கந்தல் துணியைச் சேர்த்துவைப்பதைக் கண்டு, மலிவான நாப்கின் செய்ய முற்பட்டார். வெறும் பஞ்சு போதாது, பைன் மரக்கூழிலிருந்து பெறும் செல்லுலோஸ் இழையே ஈரத்தைப் பிடித்துவைக்கிறது என்பதைக் கண்டறியவே அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. அவர் வடிவமைத்த சிறு இயந்திரத் தொகுதி நான்கு வேலைகளைத் தனித்தனியே செய்தது: கூழ்ப்பலகையை அரைத்துப் பஞ்சாக்குதல், அதை அச்சில் அழுத்தி வடிவமைத்தல், மேலுறையிட்டு ஓரம் ஒட்டுதல், புறஊதாக் கதிரால் நுண்ணுயிர் நீக்குதல். ஒரு பெரிய அறைக்குள் அடங்கும் இத்தொகுதியை மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாங்கி இயக்க முடிந்தது. 2006-இல் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் விருதும் 2016-இல் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்தன. 1989-இல் தருமபுரியில் தொடங்கிப் பின் மாநிலமெங்கும் பரவிய மகளிர் திட்டத்தின் குழு அமைப்பு முன்பே வேரூன்றியிருந்ததால்தான், தமிழ்நாட்டில் இத்தகைய சிறு தொழில் நிற்கத் தளம் கிடைத்தது. நாப்கின் செய்து விற்ற பெண்கள் அதை வாங்கும் பெண்களிடம் பேசவும் வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு, பொருளுக்கு இணையான பயனாக அமைந்தது.

புதுயுகம்

2011-இல் ஜெயலலிதா தலைமையிலான அரசு அறிவித்து, 2012-இல் நடைமுறைக்கு வந்த புதுயுகம் திட்டம் இவ்வரலாற்றின் பெரும் திருப்பம். ஏறத்தாழ அதே வேளையில் ஒன்றிய அரசு 17 மாநிலங்களின் 107 மாவட்டங்களில், ஆறு நாப்கின் கொண்ட பொட்டலத்தை 6 ரூபாய்க்குக் கிராமத்துப் பெண்களுக்கு விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு அதை விலையின்றி வழங்கத் துணிந்தது. 10 முதல் 19 வயது வரையுள்ள கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதங்களுக்கு மூன்று பொட்டலங்கள் என்ற கணக்கில், பள்ளியில் ஆசிரியர் வழியாகவும், பள்ளிக்கு வராதோர்க்கு அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர் வழியாகவும் நாப்கின் சென்றடைந்தது. அரசு மருத்துவமனையில் மகப்பேறு முடிந்த தாய்மாரும், சிறையில் உள்ள பெண்களும், மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் பெண்களும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். சிறையிலும் மனநல விடுதியிலும் உள்ள பெண்ணுக்கும் மாதவிடாய் உண்டு என்பதை அரசாணையின் மொழியில் ஏற்றுக்கொண்டது அந்நாளில் எளிய செய்தியன்று. திட்டம் பின்னர் நகர்ப்புறப் பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

எனினும் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 18 பொட்டலங்கள், பொட்டலத்துக்கு 6 வீதம் 108 நாப்கின்; மாதம் ஒன்றுக்கு 9. உதிரப்போக்கு ஐந்து நாள் நீடித்து, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற மருத்துவ அறிவுரையைப் பின்பற்றினால், பகல்நேரத்துக்கு மட்டுமே அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே இலவச நாப்கின் பள்ளி நேரத்துக்கு என்றும், வீட்டில் துணி என்றும் பங்கிட்டுக்கொள்வதைத் தவிர ஏழைப் பெண்ணுக்கு வேறு வழி இல்லை. துணி மறைந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. அதனால்தான் துணியைக் கழுவும் தண்ணீரும் காயவைக்கும் வெயிலும் நாப்கின் காலத்திலும் திட்டத்துக்கு உரிய பொருள்களாகவே நீடிக்கின்றன.

இத்திட்டத்தின் மறைவான பலம் அதைக் கொண்டுசென்ற மனிதர்களிடம் இருந்தது. கிராம சுகாதார செவிலியர், தாய்சேய் நலத்துக்காக வீடு வீடாகச் சென்று பழகியவர். நாப்கின் பொட்டலத்தை அவர் நீட்டும்போது, வயிற்றுவலி எத்தனை நாள், போக்கு அதிகமா, தலைசுற்றல் உண்டா என்ற கேள்விகளும் உடன் வருகின்றன. இரும்புச்சத்து மாத்திரை வாரம் ஒருமுறை பள்ளியில் வழங்கப்படும் திட்டமும் 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டமும் அதே வலைப்பின்னலில் இணைந்தன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களில் மாதவிடாய்க் காலத்தில் தூய்மையான முறையைக் கையாள்வோர் நாடு முழுவதும் 2015-16-இல் ஏறத்தாழ 58 விழுக்காடாகவும் 2019-21-இல் 78 விழுக்காடாகவும் இருந்தனர். பின்னைய ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 98 விழுக்காடு. அதே ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர் என்றும் காட்டியது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், உதிரத்தை உறிஞ்சும் பொருள் ஏறத்தாழ அனைவரையும் எட்டியிருக்க, உதிரம் இழக்கும் உடலின் வலிமை பாதியளவிலேயே நிற்பது தெரியும். மாதவிடாய்த் தூய்மை, மாதவிடாய் நலம் என்னும் இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

பள்ளிக் கழிப்பறைகளின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. 2014-ஆம் ஆண்டு விடுதலை நாள் உரையில் பள்ளிதோறும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்ற இலக்கு அறிவிக்கப்பட்டு, ஓராண்டில் 2.61 லட்சம் பள்ளிகளில் 4.17 லட்சம் கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு தெரிவித்தது. நெய்வேலி நிறுவனம் உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்களும் அப்பணியில் பங்கேற்றன. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வகைசெய்து, சுகாதாரத்தை அதற்குரிய துறைகளுள் ஒன்றாக வைத்ததால், நகரியத்துக்குள் 1960களில் அமைந்த வசதி சுற்றுக் கிராமங்களுக்கும் செல்லச் சட்ட வழி ஒன்று திறந்தது. ஆயினும் கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் துப்புரவு செய்வோருக்கு ஊதியமும் ஆண்டுதோறும் வேண்டும். கட்டடத்துக்கு நிதி கிடைப்பதுபோல் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பதே எங்கும் காணும் குறை.

பேரிடரில் தெரிந்த விரிசல்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்படைந்ததால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னைமரம் சாய்ந்து உயிரிழந்தார். விலையில்லா நாப்கின் ஆறு ஆண்டுகளாக வழங்கப்பட்டுவந்த மாநிலத்தில் அது நிகழ்ந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். சிறுமியின் உயிரைப் பறித்தது புயல் மட்டுமன்று, அவர் எங்கே படுக்க வேண்டும் என்று முடிவுசெய்த வழக்கமும்தான். 2020 மார்ச் மாத ஊரடங்கின்போது, இன்றியமையாப் பொருள்களின் தொடக்கப் பட்டியலில் நாப்கின் வெளிப்படையாக இடம்பெறவில்லை. மார்ச் 29-ஆம் நாள் வந்த விளக்கத்தின் மூலமே அது சேர்க்கப்பட்டது. பள்ளிகள் மூடியதும் பள்ளி வழியாகச் சென்றுகொண்டிருந்த வழங்கலும் தடைப்பட்டது. வழமையான நாளில் நன்றாக ஓடும் திட்டம், வழமை குலைந்த நாளில் யாரை முதலில் மறக்கிறது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின.

வேலைத்தளம்

மாணவியைக் கண்ட அரசு, வேலைக்குப் போகும் பெண்ணை அந்த அளவுக்குக் காணவில்லை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிப் பணியிலிருந்து முற்றாக விலக்கியதோடு, நிலத்தின் மேலும் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மட்டுமே பணியமர்த்த அனுமதித்தது. அதே சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை அமைக்கவும் பணித்தது. நெய்வேலியில் உள்ளவை திறந்தவெளிச் சுரங்கங்கள். பல சதுரக் கிலோமீட்டர் பரந்த குழியில் வேலைமுனை நகர்ந்துகொண்டே செல்வதால், ஒரே இடத்தில் கட்டிய கழிப்பறை சில காலத்துக்குப் பின் நெடுந்தொலைவாகிவிடுவது இத்தகைய சுரங்கங்களின் இயல்பு. 2019 ஜனவரியில் வந்த ஒன்றிய அரசின் அறிவிக்கை, பெண்களின் எழுத்துவழி ஒப்புதலோடும் மூவருக்குக் குறையாத குழுவாகவும் இரவு முறையிலும் பணியமர்த்த இடமளித்தது. வாயில் திறந்தபின், இரவு முறையில் நாப்கின் மாற்ற எவ்வளவு தொலைவு நடக்க வேண்டும் என்பது சட்டத்தின் வெற்றியை அளக்கும் கேள்வியாகிறது. நிரந்தரப் பணியாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உள்ள வேறுபாடு இதில் மேலும் கூர்மையாகிறது. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் கழிப்பறையைக் கட்டாயமாக்கியிருந்தபோதிலும், துப்புரவு, தோட்டவேலை போன்ற சிதறிய பணிகளில் ஈடுபடும் பெண்களுக்கு வேலைத்தளம் என்பதே ஒரு கட்டடம் அன்று.

தமிழ்நாட்டின் பிற தொழில்களிலும் நிலை இதுவே. ஆடைத் தொழிற்சாலைகளில் வலியோடு தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் தரப்படுவதை, சுமார் 100 பெண்களிடம் உரையாடித் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-இல் வெளியிட்ட புலனாய்வு வெளிப்படுத்தியது. வலியைக் கேட்டு ஓய்வு தருவதற்குப் பதில், வலி தெரியாமல் உற்பத்தியைத் தொடர்வதே அங்கு வழியாகக் கொள்ளப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, துணிக்கடை போன்ற இடங்களில் நாள்முழுதும் நின்றே பணிபுரிந்தோர்க்கு அமரும் உரிமையை வழங்கியது. இச்சட்டத்தில் மாதவிடாய் என்ற சொல் முன்னிற்கவில்லை எனினும், அந்நாள்களில் கால் கடுக்க நின்ற பெண்களுக்கு அது உண்மையான மாதவிடாய் நலச் சட்டமே. விடுப்பைப் பொறுத்தவரை, பீகார் 1992 முதலே அரசுப் பெண் ஊழியர்க்கு மாதம் இரண்டு நாள் வழங்கிவருகிறது. கர்நாடகம் 2025-இல் ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை ஏற்றது. விடுப்பு, பெண்களுக்கு வேலை தர முதலாளிகளைத் தயங்கவைக்குமோ என்ற அச்சமும் பொதுவிவாதத்தில் உண்டு. தண்ணீரும் ஓய்வறையும் உள்ள வேலைத்தளத்தை முதலில் உறுதிசெய்தால், அந்த அச்சத்தின் பெரும்பகுதிக்கு இடம் இராது.

எரிப்பதும் எஞ்சுவதும்

நாப்கின் பெருகியபின் எழுந்த புதிய கேள்வி, பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் இதற்கு எளிய விடை ஒன்றைக் கண்டன: பெண்கள் கழிப்பறையின் பின்சுவரில் ஒரு துளை, அதற்கு அப்பால் செங்கல்லோ சிமென்டோ கொண்டு கட்டிய சிறு எரிகூடம், உள்ளிருந்தே துளை வழியாக நாப்கினைப் போட்டுவிட்டால், வெளிப்புறக் கதவைத் திறந்து பணியாளர் தீ மூட்டுவார், மேலே ஒரு புகைப்போக்கி. எவர் கண்ணிலும் படாமல் போட முடிந்ததே அதன் சிறப்பு. ஆனால் இன்றைய நாப்கினில் நெகிழிப் படலமும் ஈரத்தைக் கூழாக்கிப் பிடிக்கும் பல்லுறுப்பியும் உள்ளன. போதிய வெப்பம் எட்டாத சிறு கூடத்தில் அவை எரியும்போது நச்சு வளிகள் வெளிப்படும். அனல்மின் நிலையத்தின் புகைப்போக்கிகளையும் சாம்பல் குளங்களையும் அறுபது ஆண்டுகளாகப் பார்த்துவரும் நெய்வேலிக்கு, எரித்தது மறைந்துவிடுவதில்லை என்பதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாப்கினைச் சுற்றிப்போட உறை வழங்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தின. எனினும் தெருவில் குப்பையைப் பிரிக்கும் துப்புரவுப் பணியாளரின் கையில், சுற்றாமல் எறியப்பட்ட நாப்கின் இன்றும் வந்து சேர்கிறது. மாதவிடாய் நலத்தின் கடைசிக் கண்ணி அந்தக் கைகளே.

இதற்கு விடையாகத் துணி புதிய வடிவில் திரும்பி வந்துள்ளது. நெய்வேலிக்கு வடக்கே, புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் 2010-இல் தொடங்கிய இகோஃபெம் அமைப்பும், திருச்சிராப்பள்ளியில் 1987 முதல் சுகாதாரப் பணி செய்துவரும் கிராமாலயா அமைப்பும் மறுமுறை பயன்படுத்தும் துணி நாப்கின்களைத் தைத்து, கழுவும் முறையையும் வெயிலில் உலர்த்தும் முறையையும் சேர்த்தே கற்பிக்கின்றன. கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019-இல் திங்கள் என்னும் திட்டத்தின் கீழ் 5,000 மாதவிடாய்க் கிண்ணங்களை வழங்கியது. பல ஆண்டுகள் பயன்படும் இந்தச் சிலிக்கோன் கிண்ணம் கழிவை ஏறத்தாழ இல்லாமலாக்குகிறது. துணியோ கிண்ணமோ, எதுவாயினும் அதைக் கழுவித் தூய்மை செய்ய முதலில் வேண்டுவது தண்ணீர். வரலாறு தொடங்கிய இடத்துக்கே மீண்டும் வந்து நிற்கிறது.

அளவுகோல்

2018 ஜூலையில் நாப்கின்மீதான 12 விழுக்காடு சரக்கு சேவை வரி நீக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் மக்கள் மருந்தகங்களில் ஒரு நாப்கின் ஒரு ரூபாய்க்கு வந்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளி மாணவியருக்கு நாடு தழுவிய ஒரே சீரான கொள்கையை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. இவை ஒவ்வொன்றும் பெண்களும் அமைப்புகளும் விடாது எழுப்பிய குரலின் பயன். ஒன்றையும் குறைத்து மதிப்பதற்கில்லை. தாய்க்குக் கிடைக்காதது மகளுக்குப் பள்ளியிலேயே கிடைக்கிறது. ஆசிரியர் வகுப்பறையில் அதன் பெயரைச் சொல்கிறார்.

எனினும் நெய்வேலியின் வரலாறு தரும் அளவுகோல் வேறு. நாப்கின் என்ற பொருள் பரவுவதற்கு முன்பே, நகரியத்தின் வட்டங்களில் குழாயும் தாழிட்ட கழிப்பறையும் பெண்களின் அந்நாள்களை எளிதாக்கின. நாப்கின் எங்கும் பரவியபின்னும், அவ்விரண்டும் எட்டாத இடங்களில் அந்நாள்கள் கடினமாகவே இருக்கின்றன. ஆகையால் இனி வரும் திட்டங்கள், எத்தனை பொட்டலம் வழங்கினோம் என்பதோடு, சுரங்கத்தின் இரவு முறையில் பணிபுரியும் பெண்ணுக்கும், வட்டங்களின் தெருவைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், வேலிக்கு அப்பாலுள்ள கிராமத்துப் பள்ளி மாணவிக்கும் எத்தனை அடி தொலைவில் தண்ணீர் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். தூரம் என்ற சொல் பெண்ணை வீட்டிலிருந்து விலக்கி வைக்கும் அளவாகப் பல நூற்றாண்டு வழங்கிவந்தது. அதே சொல்லால் இனி அளக்கப்பட வேண்டியது, அவளுக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள தொலைவு.